நைட்டிக்காரம்மா

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாதத்துக்கு ஒரு நாள், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், டீச்சர்கள் உட்காரும் அறையின் கதவு உள்பக்கம் தாழிடப்படும். தலைமையாசிரியர் வேங்கடேசன் சாருக்குக் காரணம் தெரியும். அந்த அரை மணி நேரம் எந்த ரெஜிஸ்டரும் தேவைப்படாதவர் போல மரத்தடிக்குப் போய் நின்றுகொள்வார். உள்ளே அமலாக்கா மூட்டையைப் பிரித்திருப்பாள்.

மேலே நைட்டிகள் இருக்கும். பூப்போட்டது, கட்டம் போட்டது, முன்பக்கம் ஜிப் வைத்தது. அதற்குக் கீழே உள்பாவாடைகள். அதற்கும் கீழே, பழைய துண்டு ஒன்றில் சுற்றி, நாங்கள் உண்மையிலேயே வாங்க வந்த சாமான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பாடி என்று பெயர். அந்தச் சொல்லைத் தெருவில் நின்று சத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் திண்டிவனத்துக்கும் காணைக்கும் நடுவில் இருக்கிற ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவளை நைட்டிக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கனத்த சரீரம். டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூட்டைகளை வைத்து, நடுவில் அவள் உட்கார்ந்து வந்தால் மூன்று மூட்டை வருகிற மாதிரி இருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் திண்டிவனத்திலிருந்து காணைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிற டீச்சர். பதினாறு வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறேன். அவள் கதையில் பாதி அவள் சொல்லித் தெரியும். மீதியைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் திண்டிவனம் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பகுதியில் நின்றாள். அந்தக் கடையில் பெண்களின் உள்ளாடை விற்கிற இடத்திலும் ஆண்கள்தான் நின்றார்கள். கிராமத்துப் பெண்கள் வந்து, பேச்சு வராமல், கண்ணாடிப் பெட்டியை விரலால் காட்டுவார்கள். விற்கிறவர் கடை பூராவும் கேட்கிற மாதிரி என்ன சைஸ் என்று கேட்பார். அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். முப்பத்தாறு தேவைப்படுகிறவள் முப்பத்திரண்டை வாங்கிப் போய், வருஷம் பூராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் இருப்பாள். அமலாக்கா சேலைப் பகுதியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி ஆறாவது வருஷம் அவள் வயிற்றில் அஸ்வினி தங்கினாள். ஏழாம் மாதம் கடை முதலாளி வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து அவள் திரும்பப் போய் வேலை கேட்டாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். முதலாளி முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே பால் கட்டி, ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. முந்தானையால் மறைத்தால் முந்தானையும் நனைந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளை வளர்ந்த பிறகு வா என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்று அமலாக்கா சொல்வாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, நடவுக்குப் போய் வருகிறவள், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவள் மேல் போட்டாள். நானும் இப்படி நனைஞ்சிக்கினேதான் நாத்து நட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் துண்டைத் திருப்பிக் கேட்காமல் இறங்கிப் போனாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் சின்ன வயதில் படித்தது அமலாக்காவின் கையில் இருந்தது. அந்த வாரமே ஒரு நைட்டியின் முன்பக்கத்தை வெட்டி, பிள்ளைக்குப் பால் கொடுக்க வசதியாக இரண்டு ஜிப் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். தெருவில் பிள்ளை பெற்றிருந்த இன்னொருத்தி அதைப் பார்த்துக் கேட்டாள். அவளிடம் பார்த்து வேறொருத்தி. இரண்டு மாதத்தில் சென்னைக்கு ரயிலேறிப் போய் மொத்தமாகச் சரக்கு எடுத்து வந்தாள். நைட்டியோடு மற்றதும் வந்தது.

அவள் புருஷன் அன்புச்செல்வன், நிலக்கடலை வந்து இறங்குகிற மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பெண்டாட்டி என்ன விற்கிறாள் என்று மண்டியில் ஆள் ஆளுக்குக் கிண்டல் செய்தார்கள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளுடைய மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மண்டிக்குப் போனார். அதற்குப் பிறகு யாரும் கிண்டல் செய்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

அவள் டேப் வைத்து யாரையும் அளந்ததில்லை. ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்தால் போதும். ரவிக்கை எங்கே இழுக்கிறது, தோளில் பட்டி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது, அவள் எந்தப் பக்கம் கூனுகிறாள் என்று பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வா என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவளிடம் பெண்கள் சொல்கிற வார்த்தைகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், கஷ்டமாகவும் இருக்கும். மூணு பெத்து எல்லாம் தொங்கிப்போச்சு, இதுக்கு மேல என்னாத்த தூக்கி நிறுத்துறது என்பாள் ஒருத்தி. நான் கிழவி, எனக்கு எதுக்கு என்பாள் நாற்பது வயதுக்காரி. அமலாக்கா அவர்களுக்கு ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. நீ நாளெல்லாம் குனிஞ்சி வேல செய்றவ, தாங்கறதுக்கு ஒண்ணு வேணும், இடுப்பு வலிக்கு பெல்ட் போடறதில்லையா, அது மாதிரி இது என்பாள். உடம்பை அழகா அசிங்கமா என்று அவள் பேசி நான் கேட்டதில்லை. தோள் வலி குறையுமா, வேர்க்குரு வராதா என்றுதான் பேசுவாள்.

விக்கிரவாண்டிப் பக்கம் பாஞ்சாலி என்று ஒரு அம்மா. அறுபத்து நாலு வயது. நூறு நாள் வேலைக்குப் போகிறவள். ஆயுசில் பாடி போட்டதே இல்லை. மற்றவர்கள் வாங்கும்போதெல்லாம் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு வந்து, போட்டா எப்படித்தான் இருக்கும்னு பாக்கலாம்னு தோணுது என்றாள். அமலாக்கா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் பாஞ்சாலி அதைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். மூச்சு முட்டுகிறதாம், ஒரு நாளுக்கு மேல் முடியவில்லையாம். சரி, கொடுத்துவிடு என்று அமலாக்கா கையை நீட்டினாள். பாஞ்சாலி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனா நல்லாத்தான் இருந்துது என்று சொல்லி, அதைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவு தெரிந்த அமலாக்கா தன் உடம்பு விஷயத்தில் வேறு மாதிரி. போட்டோ எடுக்கப் போனால் யார் முதுகுக்குப் பின்னாலாவது நின்றுகொள்வாள். அஸ்வினியின் கல்யாண ஆல்பத்தில் அம்மாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் இன்னா காட்டறதுக்கா பொறந்தேன் என்று கேட்பாள்.

அஸ்வினி பதினோராம் வகுப்பு படிக்கும்போது ஒன்று நடந்தது. கூடப் படிக்கிற பெண்கள் அவளைப் பாடிக்காரி பொண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத் தெருவில் இனிமேல் வண்டியில் வராதே என்று அம்மாவிடம் சொன்னாள். அமலாக்கா சரி என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவள் போகவேயில்லை. வியாபாரத்தை நிறுத்தவும் இல்லை.

இனி கெங்கம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காணைக்கு மேற்கே அவர்களுக்குக் கரும்பும் நெல்லுமாக நல்ல நிலம் உண்டு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகன் செல்வகுமார் விவசாயத்தைப் பார்க்கிறான். கெங்கம்மாள் உயரமான பெண்மணி. அறுபது வயதிலும் முதுகு வளையாமல் நடப்பாள். அவள் வரப்பில் வந்தால் எதிரில் வருகிறவர்கள் இறங்கி வழிவிடுவார்கள். அமலாக்காவிடம் இருப்பதிலேயே நல்ல சரக்கு எதுவோ அதைத்தான் வாங்குவாள். துணியைத் தடவிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, குறை சொல்லித்தான் எடுப்பாள்.

அமலாக்கா காலனிக்காரி. அந்த வீட்டில் அவளுக்கு வாசலோடு சரி. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் மூட்டையைப் பிரிக்கச் சொல்வார்கள். முதல் வருஷங்களில் தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கிக் கையில் ஊற்றினார்கள். பிறகு தனியாக ஒரு டம்ளர் வந்தது. அமலாக்கா இதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவிட்ட மாதிரியும் சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் அவள் போனபோது கெங்கம்மாள் வெளியே வரவில்லை. மருமகள் வெண்ணிலா வந்து, அத்தைக்கு உடம்பு சரியில்லை, புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றாள். இரண்டு மாதம் கழித்துப் போனபோதும் வெண்ணிலாதான் வந்தாள். போன முறை வாங்கிய மூன்று புதுப் பாடிகளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, இனிமேல் அத்தைக்கு வேண்டாமாம் என்று திருப்பிக் கொடுத்தாள். அமலாக்கா அதைக் கையில் வாங்கியபோதே புரிந்துகொண்டாள். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். இடது பக்கம் என்று வெண்ணிலா சொன்னாள். கட்டி இருந்ததால் முழுசாக எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அத்தை கல்யாணம் காட்சி எதற்கும் போவதில்லை, சித்திரை வெயிலிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறாள், பீரோ கண்ணாடி மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அமலாக்கா அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஏழாவது மாதம் உள்ளேயிருந்து கெங்கம்மாளின் குரல் கேட்டது. அவளை உள்ளே வரச் சொல்லு.

அந்த வீட்டுக்குள் அமலாக்கா காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். கூடத்தைத் தாண்டி, உள்ளறைக்குப் போனாள். கெங்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ரப்பரில் செய்த ஒன்றை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களாம். மகனுக்கும் தெரிந்து, அவனே வாங்கிக் கொடுத்தானாம். அது யாரோ வெள்ளைக்காரியின் தோல் நிறத்தில் இருந்தது. வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் உள்ளே வேர்த்துக் கொட்டியது. தன் உடம்போடு சேராத ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டு திரிய முடியாது என்று அதைப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

"நீ தைப்ப இல்ல. எனக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் தைச்சுக் குடுப்பியா?"

தைப்பதென்றால் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும் என்று அமலாக்கா தயங்கிச் சொன்னாள். கெங்கம்மாள் சால்வையை எடுத்தாள். ரவிக்கை ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அமலாக்கா இருபது வருஷத்தில் எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அக்குளில் தொடங்கி நடு நெஞ்சு வரைக்கும் சாய்வாக ஒரு கோடு. மற்றபடி தட்டையாக, பையன் நெஞ்சு மாதிரி.

"பயமா இருக்குதா?" என்று கெங்கம்மாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இல்லம்மா. நல்லா தைச்சிருக்காங்க. தையல் ஒரே சீரா இருக்குது."

கெங்கம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஏண்டி, ரவிக்கைய பாக்கற மாதிரி பாக்கறியே," என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அமலாக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தொடுவது என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் அப்போது வரவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அமலாக்கா வழியில் ஒரு பம்ப்செட் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டாள். தனக்கும் வயதாகிறது, கட்டி ஏதும் இருக்கிறதா என்று தான் ஒரு நாளும் தன்னைத் தடவிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்ததாம். மறுவாரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் டாக்டர்தான். ஆனாலும் ரவிக்கையைக் கழற்று என்று சொன்னபோது அவளுக்குக் கை வரவில்லை. ஊர் உடம்பையெல்லாம் பார்த்தவள், தன் உடம்பை ஒருத்தரிடம் காட்டக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து அவள் ஒரு நைட்டி விற்றாலும், குளிக்கச்ச இப்படித் தடவிப் பாரு, அரிசி மூட்டையில கல்லு தேடற மாதிரி தேடு என்று சொல்லிக்கொடுக்காமல் விடுவதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து அறையிலும் சொன்னாள். நாங்கள் முதலில் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். பிறகு வீட்டுக்குப் போய் எல்லாரும் செய்தோம்.

கெங்கம்மாளுக்கு அவள் முதலில் தைத்தது பஞ்சு வைத்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கனமில்லை. கெங்கம்மாள் அதைப் போட்டுக்கொண்டு பிரதோஷத்துக்குக் கோவிலுக்குப் போய், கையைத் தூக்கிக் கும்பிட்டாள். அது மெல்ல மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாளாம். அமலாக்காவை போனில் கூப்பிட்டுத் திட்டினாள்.

இரண்டாவதாகக் கேப்பையை உள்ளே போட்டுத் தைத்தாள். கனம் சரியாக வந்தது. இப்போது கெங்கம்மாளே ஆர்வமாகிவிட்டாள். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, இன்னும் ஒரு பிடி போடு, வலது பக்கத்துக்கு இது பத்தாது என்பாள். ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. வேர்வை பட்டுப் பட்டுக் கேப்பை புளித்து வாடை வந்தது. வெண்ணிலா அதை வெயிலில் காயவைத்தாள். காயவைத்தும் வண்டு பிடித்தது. பேஜாரா போச்சு, நெஞ்சுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரியே இருக்குது என்று கெங்கம்மாள் அதை ஒரு நாள் கோழிக்குக் கொட்டிவிட்டாள்.

மூன்றாவதுக்கு அமலாக்கா விழுப்புரம் போய் ஒரு ஃபேன்ஸி கடையில் இருப்பதிலேயே சின்னதான பாசிமணி வாங்கி வந்தாள். துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வெட்டி, அடியில் பாசிமணி, மேலே சோபாவுக்கு வைக்கிற நைலான் பஞ்சு, நழுவாமல் இருக்கப் பாடியின் உள்பக்கம் ஒரு பை. துவைக்கலாம், கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். துணியை டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து, கெங்கம்மாளின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். அதை யாரும் பார்க்கப் போவதில்லை. நீங்க பாப்பீங்க இல்லம்மா என்று அமலாக்கா சொன்னாளாம்.

அந்தத் தை மாதத்தில் கெங்கம்மாளின் தம்பி மகனுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். கெங்கம்மாள் அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சால்வை இல்லாமல், மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெண்ணிலா போட்டோ எடுத்து அனுப்பியதை அமலாக்கா என்னிடம் காட்டினாள். எது தையல், எது உடம்பு என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று கேட்டாள். எனக்கு முடியவில்லை.

இதோடு முடிந்திருக்கும். கெங்கம்மாள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போகும்போது வரிசையில் யார் சால்வையோடு குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். அவர்களை பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், தொட்டுப் பாரு என்று காட்டி, அமலாக்காவின் போன் நம்பரைக் கொடுத்தாள். முதலில் வந்தவள் இரும்பையிலிருந்து சின்னக்கண்ணு. நாற்பது வயது, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள். சட்டி தூக்கும்போது பாரம் ஒரு பக்கமே இழுக்கிறது என்பதுதான் அவள் குறை. பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். இதுவரை பத்தொன்பது பேருக்குத் தைத்திருக்கிறாள்.

போன வருஷம் அஸ்வினி பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. வயிறு வற்றவில்லை, வரி வரியாக இருக்கிறது என்று அவள் யாரையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். புருஷன் தென்னரசு வீடியோவில் கூப்பிட்டால் குழந்தையை மட்டும் காட்டுவாள். மூன்று மாதத்தில் ஆபீஸ் திரும்ப வேண்டும், பழைய சுடிதார் ஒன்றும் நுழையவில்லை. அமலாக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஊருக்குச் சொல்றத என்கிட்ட சொல்லாதம்மா என்று அஸ்வினி வெட்டிவிட்டாள். அந்த நாட்களில் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தபோது, ஊர்ல எல்லா பொம்பளைக்கும் அளவு தெரியுது டீச்சர், இந்த ஒரு பொண்ணுக்குத் தெரியல என்று சொன்னாள்.

ஒரு நாள் அமலாக்கா சரக்கெடுக்கப் போயிருந்தபோது சின்னக்கண்ணு புதிதாகத் தைத்ததை வாங்க வந்துவிட்டாள். பாதி நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவள். வீட்டில் அஸ்வினி மட்டும்தான். மேஜையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். சின்னக்கண்ணு அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கையை முதுகுப் பக்கம் வளைக்க முடியாததால் பின்னால் ஊக்கு மாட்டிவிடச் சொன்னாள். அஸ்வினி குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு, ஊக்கு மாட்டி, முன்னால் வந்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டாள். சின்னக்கண்ணு குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கத்திலேயே சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அம்மா வந்ததும் அஸ்வினி இதைச் சொன்னாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல, அந்தப் பள்ளிக்கூடத் தெருப் பேச்சை எடுத்தாள்.

"அந்தத் தெருவுல வராதன்னு சொன்னேனே. அப்ப உனக்கு எப்படிம்மா இருந்துது?"

அமலாக்கா மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். "வெயில்ல ஒரு மைல் சுத்திக்கினு போவணும். அவ்ளோதான்," என்றாள்.

அஸ்வினி எழுந்து வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். தையல் பிரிந்துவிடப் போகிறது, கனம் தூக்காதே என்று அமலாக்கா கத்தினாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்று அன்புச்செல்வன் அண்ணன் எனக்குச் சொன்னார். மூன்று மாத லீவு முடிந்து அஸ்வினி பிள்ளையோடு சென்னைக்குப் போனபோது, அம்மா அளவு பார்த்துத் தைத்த இரண்டு சுடிதார்களும் பெட்டியில் போயின.

இந்த ஆனியில் அமலாக்காவுக்கு முட்டி வலி அதிகமாகி, டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். இருந்தாற்போல் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வேர்த்துக் கொட்டுவதும் அந்த வயதுக்கு உண்டான வழக்கப்படி இருந்தது. இரண்டு மாதமாக வீட்டிலேயே இருந்தாள். அஸ்வினி லீவில் வந்திருந்தாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. சந்து குறுகல். கார் உள்ளே வராது. கெங்கம்மாள் இறங்கி நடந்து வந்தாள். காலனித் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

அமலாக்கா பதறி எழுந்தாள். முட்டி பிடித்துக்கொண்டதால் பாதியிலேயே நின்றாள்.

"நீ உக்காரு," என்று கெங்கம்மாள் சொன்னாள். தையல் ஒரு ஓரத்தில் விட்டுவிட்டதாம், பாசிமணி ஒவ்வொன்றாகக் கூடத்தில் உதிர்கிறதாம், பேரப்பிள்ளை பொறுக்கி வைத்துக்கொண்டு விளையாடுகிறானாம். ஒரு சின்ன டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, உதிர்ந்தது எல்லாம் இதில் இருக்கிறது என்று கொடுத்தாள். செல்வகுமாரிடம் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று அமலாக்கா கேட்டாள். அவங்கிட்ட எப்படிக் கொடுத்தனுப்புறது, ஆம்பளப் பையன் என்றாள் கெங்கம்மாள்.

அமலாக்கா மெஷினில் உட்கார்ந்தாள். முட்டிக்காக இப்போது அதில் மோட்டார் வைத்திருக்கிறார்கள். கெங்கம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அஸ்வினி பிள்ளைக்குச் சோறூட்டுவதைப் பார்த்து, இப்படிக் குனிஞ்சிக்கினு ஊட்டினா முதுகு போயிடும், நிமிர்ந்து உக்காரு என்று அதட்டினாள். அஸ்வினி நிமிர்ந்தாள்.

டீ போடட்டுமா என்று அமலாக்கா கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டது அஸ்வினிதான். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை. மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

"போடு," என்றாள் கெங்கம்மாள். "சக்கரை கம்மியா. எனக்குச் சுகர் இருக்குது."

அஸ்வினி அடுப்படிக்குப் போனாள். அமலாக்கா குனிந்து, ஊசியில் நூல் கோத்தாள். மூன்றாவது முறைதான் நூல் உள்ளே போனது. கண்ணாடியப் போட்டுக்கினு கோக்கறதுதானே என்று கெங்கம்மாள் சொல்ல, எல்லாம் எனக்குத் தெரியும்மா, நீ சும்மா இரு என்று அமலாக்கா சொன்னாள். கெங்கம்மாளை அவள் நீ என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கெங்கம்மாள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. டீ வந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டிருக்கலாம் என்று குறை சொன்னாள்.